வேலையற்றவர் யார்? குடும்பக் கணக்கெடுப்பு விடை காணும் முறை

ஒரு மாவட்டத்தில் நெல் எவ்வளவு விளைந்தது என்று அறிய வேண்டுமாயின் களத்தில் அளந்து பார்க்கலாம். பள்ளிகள் எத்தனை என்று அறியப் பதிவேடுகளைப் புரட்டலாம். வேலையின்றி இருப்போர் எத்தனை பேர் என்ற வினாவுக்கோ விடை எக்களத்திலும் குவிந்து கிடப்பதில்லை. எப்பதிவேட்டிலும் முழுமையாக எழுதப்பெற்றிருப்பதும் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பதிவேட்டைப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பர். அப்பதிவேட்டில் பெயர் கொடுத்தோருள் ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்துகொண்டு அதனினும் நல்லதொரு வேலையை எதிர்நோக்குவோர் உளர். படித்துக்கொண்டே பெயரைப் பதிந்து வைத்தோரும் உளர். மறுபுறம், அறுவடை முடிந்த மறுநாள் முதல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் விவசாயக் கூலியாள் அவ்வலுவலகத்தின் படியை ஒருநாளும் மிதித்திரார். ஆகவே நாட்டு மக்களின் வேலை நிலையை அறிய ஒரே வழி, அவர்கள் வீட்டு வாயிலுக்குச் சென்று கேட்பதுதான். எல்லா வீட்டுக்கும் ஆண்டுதோறும் செல்லுதல் இயலாத காரியம். எனவே சில வீடுகளை மட்டும் முறைப்படி தேர்ந்தெடுத்து, அவற்றைக் கொண்டு அனைத்தையும் மதிப்பிடுகின்றோம். இதுவே மாதிரிக் கணக்கெடுப்பு.

இந்தியாவில் இப்பணி 1950-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் அவர்களின் முயற்சியால் உருவான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதற்சுற்று 1950 அக்டோபர் முதல் 1951 மார்ச்சு வரை நடைபெற்றது. நாட்டு வருமானத்தைக் கணிப்பதற்கு வேண்டிய விவரங்கள் பலவும் இல்லாதிருந்த காலம் அது. வேலை, வேலையின்மை ஆகியவற்றை நாடு முழுவதற்கும் விரிவாக ஆராயும் முயற்சி 1955-ஆம் ஆண்டு நடந்த ஒன்பதாம் சுற்றில் மேற்கொள்ளப்பட்டது. அன்று முதல் இன்று வரை கணக்கெடுப்பாளரைத் திணறச் செய்து வருவது, கூட்டலும் பெருக்கலும் அல்ல. "வேலை" என்ற அந்த ஒரு சொல்லேயாகும்.

ஏன் என்பதை ஒரு குடும்பத்தைக் கொண்டு காண்போம். மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்பாளர் நுழைவதாக எண்ணிக் கொள்க. உருளைக்கிழங்கு அகழ்ந்து முடிந்துவிட்டது. மூட்டைகள் குளிர்பதனக் கிடங்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. போரோ நெல் வயலில் நிற்கிறது. அதன் அறுவடைக்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. கூலிக்காரருக்கு இது இடைக்காலம். தேர்ந்தெடுக்கப்பட்ட வீட்டில் குடும்பத் தலைவர் இருக்கிறார். சிறுநிலம் ஒன்று உண்டு. அது போதாமையால் கூலிக்கும் போவார். அவர் மனைவி இருக்கிறார். இருபத்து மூன்று வயதுள்ள மகன் பட்டம் பெற்றவன். பத்தொன்பது வயது மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். முதியவரான பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். மூத்த மகன் சூரத் நகரில் கட்டட வேலைக்குச் சென்று எட்டு மாதங்கள் ஆயின.

முதலில் எழும் வினா, இக்குடும்பத்தினர் யார் யார் என்பது. வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்போரே ஒரு குடும்பத்தார் என்பது இக்கணக்கெடுப்பின் இலக்கணம். இரத்த உறவு இதற்குத் தேவையில்லை. ஒரே கூரையும் போதாது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரியுமாயின் அவை இரண்டு குடும்பங்கள். வெளியூர் சென்றவர் ஆறு மாதத்துக்குள் திரும்பி வருவாராயின் அவர் இக்குடும்பத்தவரே. அதற்கு மேலாயின் அவரை இங்கே சேர்த்தலாகாது. எனவே சூரத்தில் உள்ள மூத்த மகனைத் தாய் எவ்வளவுதான் முதலில் பெயர் சொல்லி எழுதச் சொன்னாலும், படிவத்தில் அவனுக்கு இடமில்லை. அவன் சூரத்தில் தங்கியிருக்கும் இடத்தில், அவ்விடம் மாதிரியில் அகப்படுமாயின், எண்ணப்படுவான். தாய்க்கு இது விளங்குவது கடினம். பெற்ற மகனைக் குடும்பத்தில் இல்லை என்று எழுதும் அதிகாரி யார் என்று அவர் வருந்துதல் இயல்பே. பொறுமையாக விளக்கிச் சொல்லுதல் களப்பணியாளரின் கடமையுள் ஒன்று.

அடுத்து, தலைவரின் வேலை. "உங்களுக்கு வேலை இருக்கிறதா?" என்று கேட்டால், "எங்கே இருக்கிறது?" என்று அவர் சலிப்புடன் கூறக்கூடும். "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "விவசாயம்" என்பார். இரண்டு விடையும் உண்மை. வினா மாறியதால் விடையும் மாறிற்று. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க இரண்டு கருவிகள் தேவை. ஒன்று, எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்ற வரையறை. மற்றொன்று, அக்காலத்துள் ஒருவர் பல நிலைகளில் இருந்திருப்பாராயின் எந்நிலையை அவருக்குரியதாகக் கொள்வது என்ற விதி.

இவ்விரண்டையும் தெளிவாக வகுத்துத் தந்தது 1968-ஆம் ஆண்டில் திட்டக் குழு அமைத்த வல்லுநர் குழுவாகும். பேராசிரியர் எம். எல். தாந்த்வாலா அதன் தலைவர். 1970-இல் அக்குழு தன் அறிக்கையைத் தந்தது. பெரும்பாலோர் தம் நிலத்திலோ சிறு தொழிலிலோ உழைக்கும் ஒரு நாட்டில், வேலையின்மையை ஒரே எண்ணால் கூறிவிட முயலுதல் தவறான வழியில் இட்டுச் செல்லும் என்பது அதன் கருத்தின் சாரம். ஆலைத் தொழிலாளி ஒருவர் வேலையை இழந்தால் அது ஒருநாளில் நிகழும் நிகழ்ச்சி, கண்ணுக்குத் தெரியும். சிறு விவசாயிக்கோ வேலை போவதில்லை, குறைகிறது. அரை நாள், ஒரு நாள் என்று அது கரைந்து போகிறது. ஆகவே பலவகை அளவுகோல்கள் வேண்டும். இக்கருத்தின் வழியே 1972 அக்டோபர் முதல் 1973 செப்டம்பர் வரை நடந்த இருபத்தேழாம் சுற்றில் மூன்று அளவுகோல்கள் பயன்படுத்தப்பட்டன. அவை வழக்க நிலை, நடப்பு வார நிலை, நடப்பு நாள் நிலை என்பன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த பெருஞ்சுற்றுகளில் இவை 2011-12 வரை தொடர்ந்து கையாளப்பட்டன.

மூன்று அளவுகோல்கள்

வழக்க நிலை என்பது கணக்கெடுக்கும் நாளுக்கு முந்திய 365 நாட்களைப் பற்றியது. அவ்வோராண்டில் ஒருவர் நீண்ட காலம் எந்நிலையில் இருந்தாரோ அதுவே அவரது முதன்மை நிலை. இதனைத் தீர்மானிப்பதில் ஒரு வரிசை உண்டு. களப்பணியாளர் பலரும் தடுமாறும் இடம் இது. முதலில், ஆண்டின் பெரும்பகுதி அவர் உழைப்பாளர் படையில் இருந்தாரா, புறத்தே இருந்தாரா என்று பார்த்தல் வேண்டும். வேலை செய்த காலமும், வேலை தேடிய அல்லது வேலைக்கு ஆயத்தமாக இருந்த காலமும் சேர்ந்ததே படைக்குள் இருந்த காலம். படைக்குள் இருந்தவர் என்று முடிவானால் மட்டுமே, அவ்விரண்டுள் எது மிகுதி என்று அடுத்தபடியாகப் பார்த்தல் வேண்டும். இதற்கு மேல் துணை நிலை என்பதும் உண்டு. முதன்மை நிலை எதுவாயினும், ஆண்டில் 30 நாட்களுக்குக் குறையாமல் ஏதேனும் பொருளாதார வேலையில் ஈடுபட்டிருந்தால் அது துணை நிலையாகப் பதியப்படும்.

நடப்பு வார நிலை முந்திய ஏழு நாட்களை மட்டும் நோக்குகிறது. அவ்வேழு நாட்களுள் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் வேலையில் உள்ளவர். ஒரு மணி நேரமும் செய்யாமல், ஆனால் ஒரு நாளிலேனும் வேலை தேடியவர் அல்லது வேலைக்கு ஆயத்தமாக இருந்தவர் வேலையற்றவர். இங்கே காலத்தின் மிகுதி பார்க்கப்படுவதில்லை, முன்னுரிமையே பார்க்கப்படுகிறது. வேலைக்கு முதலிடம், வேலையின்மைக்கு இரண்டாமிடம், மற்றவற்றுக்கு மூன்றாமிடம்.

நடப்பு நாள் நிலை அதே ஏழு நாட்களையும் தனித்தனியே பிரித்து நோக்குகிறது. ஒரு நாளில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால் அது முழு நாள். ஒரு மணிக்கு மேற்பட்டு நான்கு மணிக்குக் குறைவாயின் அரை நாள். இம்முறையில் எண்ணப்படுவது மனிதர் அல்லர், மனித நாட்கள்.

மேற்கூறிய குடும்பத் தலைவரின் ஏழு நாட்களை இப்போது எழுதிப் பார்ப்போம். ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் கட்டமிட்டுக் காட்டின் மாணவர்க்கு எளிதில் விளங்கும். திங்களும் செவ்வாயும் அவர் குளிர்பதனக் கிடங்கில் முழுநாளும் மூட்டை சுமந்தார். புதனன்று தம் வயலுக்கு நீர் பாய்ச்சியதில் மூன்று மணி நேரம் கழிந்தது. மீதி நேரம் வேலை கிடைத்தால் செய்யலாம் என்றிருந்தார். வியாழனும் வெள்ளியும் கூலியாட்கள் கூடும் இடத்தில் விடியற்காலையிலேயே போய் நின்றார், ஒருவரும் அழைக்கவில்லை. சனிக்கிழமை அரை நாள் கூலி. மறு அரை நாள் வேலை இல்லை. ஞாயிறன்று உறவினர் வீட்டுத் திருமணம். வேலைக்குப் போகும் எண்ணமே இல்லை. கூட்டிப் பார்த்தால் வேலை செய்தவை மூன்று நாட்கள். வேலையின்றி இருந்தவை மூன்று நாட்கள். படைக்குப் புறத்தே இருந்தது ஒரு நாள். அவர் உழைப்பாளர் படையில் இருந்த ஆறு நாட்களில் மூன்று நாட்கள் வீணாயின. நாள் நிலைக் கணக்கில் அவரது வேலையின்மை நூற்றுக்கு ஐம்பது. வார நிலைக் கணக்கிலோ அவர் வேலையில் உள்ளவர். ஒரு மணி நேரம் போதுமே! ஆண்டு முழுவதையும் நோக்கும் வழக்க நிலையிலும் அவர் வேலையில் உள்ளவரே. ஒருவர், ஒரே வாரம், மூன்று அளவுகோல். இரண்டில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. மூன்றாவதில் அவர் வாழ்நாளில் பாதி வேலையின்றிக் கழிகிறது.

இது தனியொரு குடும்பத்துக்கு மட்டும் நேர்வதன்று. 2011-12ஆம் ஆண்டு அறுபத்தெட்டாம் சுற்றில் நாடு முழுவதற்குமான வேலையின்மை விகிதம், முதன்மை நிலையும் துணை நிலையும் சேர்ந்த வழக்க நிலையில் நூற்றுக்கு 2.2, வார நிலையில் 3.7, நாள் நிலையில் 5.6. மூன்றும் ஒரே வீடுகளில், ஒரே பணியாளர் கேட்டுப் பெற்றவை. நாளிதழில் ஓர் எண்ணைக் கண்டதும் அது எந்த அளவுகோலுக்குரியது என்று கேளாமல் வாதிடுவோர், படியால் அளந்ததையும் மரக்காலால் அளந்ததையும் ஒன்றாக வைத்துச் சண்டையிடுவோரை ஒப்பர்.

பட்டம் பெற்ற மகனின் நிலை இதனினும் நுட்பமானது. ஓராண்டில் 210 நாட்கள் அவன் வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தான். 115 நாட்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பதில் மட்டும் கழிந்தன. கிழங்கு நடவிலும் அகழ்விலும் தந்தைக்கு 40 நாட்கள் ஊதியமின்றி உதவினான். உழைப்பாளர் படையில் இருந்தவை 250 நாட்கள். அதனால் படைக்குள் இருப்பவன். அதனுள் வேலை தேடிய காலமே மிகுதி. எனவே முதன்மை நிலையில் வேலையற்றவன். ஆயின் அந்த 40 நாள் உதவி துணை நிலையாகப் பதியப்படும். முதன்மையும் துணையும் சேர்த்து எண்ணும் வழக்க முறையில் அவன் வேலையில் உள்ளவனாக மாறிவிடுகிறான். தந்தைக்குச் செய்த உதவி அவனை வேலையற்றோர் பட்டியலினின்று நீக்கிவிட்டது! இதனைக் குறையென்று கூறுவோர் உண்டு. ஆயினும் இம்முறையின் நோக்கம், ஆண்டில் ஒருபகுதியேனும் உற்பத்தியில் ஈடுபட்ட எவரையும் விட்டுவிடாமல் எண்ணுவதே. எத்தனை கைகள் உழைத்தன என்று அறிய விரும்பும்போது அது தக்க அளவுகோல். எத்தனை இளைஞர் ஏமாற்றத்துடன் காத்திருக்கின்றனர் என்று அறிய விரும்பும்போது முதன்மை நிலையையும், வயதுவாரியான கணக்கையும் நோக்குதல் வேண்டும். 2023-24ஆம் ஆண்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவருக்கும் சேர்த்து வழக்க நிலை வேலையின்மை நூற்றுக்கு 3.2 ஆக இருந்தபோது, 15 முதல் 29 வயது வரையுள்ளோரிடையே அது 10.2 ஆக இருந்தது.

வீட்டில் இருக்கும் பெண்

இனி அம்மையாரிடம் வருவோம். "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற வினாவுக்கு அவர் தரும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒன்றும் செய்வதில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்." இவ்விடையை அப்படியே எழுதிக்கொண்டு எழுந்து போகும் பணியாளர் நாட்டுக் கணக்கிலிருந்து ஓர் உழைப்பாளியை அழித்துவிடுகிறார். நாற்று நடவுக்குப் போனீர்களா, கிழங்கு பொறுக்கினீர்களா, ஆடு மாடு வளர்க்கிறீர்களா, பால் விற்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். நடவிலும் அறுவடையிலும் கிழங்கு வயலிலும் சேர்ந்து ஐம்பது நாட்கள் கூலி பெற்றிருப்பார். வீட்டு வேலை முதன்மை நிலை; கூலி வேலை துணை நிலை. கேட்டதால் எண்ணப்பட்டார்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இவ்வம்மையார் மாலையில் மணல் இட்ட சட்டியில் அரிசியை வறுத்துப் பொரி செய்கிறார். வங்காளத்தார் அதனை முரி என்பர். அண்டை வீட்டாருக்கும் கடைக்கும் விற்பாராயின் அது பொருளாதார வேலை. அதே சட்டியில், அதே நெருப்பில், தம் குடும்பம் உண்பதற்காக மட்டும் பொரித்தால் அது வேலையாகக் கணக்கில் வருவதில்லை. ஏனெனில் சொந்த உபயோகத்துக்காக நெல் விளைவித்தல் இக்கணக்கெடுப்பில் பொருளாதார வேலை. விளைந்ததைச் சொந்த உபயோகத்துக்காகப் பக்குவப்படுத்துதல் அவ்வாறன்று. நெல் விளைவிக்கும் கணவர் வேலையில் உள்ளவர். அதனை அவித்து, உலர்த்தி, புடைத்து, பொரித்து உணவாக்கும் மனைவி, வேறொன்றும் செய்யாதவராயின், உழைப்பாளர் படைக்குப் புறத்தே நிற்பவர். கோடு ஒன்றை எங்கேனும் கிழித்தே ஆக வேண்டும் என்பது உண்மை. அக்கோடு பெரும்பாலும் அடுப்படியின் வாயிலில் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

கோட்டுக்கு அப்பால் உள்ளதை முற்றிலும் புறக்கணித்துவிடவும் இல்லை. வீட்டு வேலை மட்டும் செய்வோருக்கு 92 என்றும், வீட்டு வேலையோடு விறகு, கீரை, கால்நடைத் தீவனம் முதலியவற்றைச் சேகரித்தல், வீட்டாருக்குத் துணி தைத்தல் போன்றவற்றிலும் ஈடுபடுவோருக்கு 93 என்றும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. இரண்டும் படைக்குப் புறத்தே உள்ளவைதாம்; ஆயினும் விரும்புவோர் அவற்றைப் பிரித்து ஆராயலாம். 2019-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் வேறொரு வழியில் இக்குறையைத் தீர்க்க முயன்றன. அங்கே வேலையா அன்றா என்று கேட்பதில்லை; விடிந்தது முதல் மறுநாள் விடியும் வரை நேரம் எவ்வாறு கழிந்தது என்று மட்டும் கேட்கின்றனர். 2024-இல் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 88 நிமிடங்கள்.

வினாவின் சொல்லமைப்பு பெண்களின் கணக்கை எவ்வளவு தூரம் ஆட்டிவிடும் என்பதற்கு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் வரலாறே சான்று. 1961-இல் பருவ வேலையில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஈடுபட்டவரும் பருவத்தின் பெரும்பகுதி அவ்வாறு உழைத்திருந்தால் உழைப்பாளராக எண்ணப்பட்டார். 1971-இல் ஒவ்வொருவரிடமும் அவரது முக்கியத் தொழில் எது என்று முதலில் கேட்கப்பட்டது. வீட்டுப் பொறுப்பும் வயல் வேலையும் ஒருங்கே சுமந்த பெண்கள் வீட்டு வேலையையே முக்கியமெனக் கூறினர். ஏறத்தாழ ஆறு கோடியாக இருந்த பெண் உழைப்பாளர் தொகை மூன்று கோடி அளவுக்கு இறங்கிற்று. பத்தாண்டில் மூன்று கோடிப் பெண்கள் வயலை விட்டு வீட்டுக்குள் புகுந்துவிடவில்லை. பெரும்பாலும் மாறியது வினாவே. 1981-இல் முதன்மை உழைப்பாளர், குறுங்கால உழைப்பாளர் என்று இருவகையாகப் பிரித்து அக்குறை திருத்தப்பட்டது.

அண்மைக் காலத்தில் இதற்கு மாறான திசையில் எண்கள் நகர்ந்துள்ளன. 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 23.3 பேர் உழைப்பாளர் படையில் இருந்தனர். 2023-24இல் இது 41.7 ஆயிற்று. இவ்வேற்றத்தின் பெரும்பகுதி கிராமங்களில், சொந்தத் தொழிலிலும், குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர் என்ற பிரிவிலும் நிகழ்ந்தது. புதிய வேலை எவ்வளவு, முன்பே செய்துவந்த வேலை இப்போது நன்கு கேட்டறியப்படுவது எவ்வளவு என்பதைப் பொருளியலார் இன்றும் விவாதித்து வருகின்றனர்.

மகளின் விடை இன்னும் சிக்கலானது. அவளிடம் கேட்க முடிந்தால் நன்று. பெரும்பாலான வீடுகளில் தாயோ தந்தையோதான் அவள் சார்பில் விடை கூறுவர். "வீட்டு வேலைதான்" என்பார் தந்தை. ஊரிலேயே தையற்கூடம் ஒன்று இருந்தால் அவள் போகத் தயாராக இருப்பாள் என்பது அவர் அறியாததாக இருக்கலாம். அறிந்தும் கூறாததாக இருக்கலாம். வேலைக்கு ஆயத்தம் என்று அவள் கூறின் வேலையற்றவள். தந்தை கூறியபடி எழுதின் படைக்குப் புறத்தே உள்ளவள். ஒருவர் வாய்மொழியை மற்றொருவர் மாற்றிச் சொல்வதால் நேரும் இப்பிழையை எக்கணித முறையாலும் பின்னர் நீக்க முடியாது. ஆகவே இயன்ற வரை உரியவரிடமே கேட்டறிதல் நன்று.

மாதிரி எடுத்தலும் அதன் பிழைகளும்

நாடு முழுவதற்கும் இவ்விடைகள் எங்ஙனம் பொருந்தும்? 2017 ஏப்ரல் முதல் காலமுறை உழைப்பாளர் படைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. 2024 வரை இருந்த அமைப்பில் ஆண்டுதோறும் சுமார் 12,800 கிராமங்களும் நகரப் பகுதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் எல்லா வீடுகளையும் முதலில் பட்டியலிட்டுப் பின்னர் எட்டுக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தனர். 2023-24இல் இவ்வாறு ஏறத்தாழ 1,02,000 குடும்பங்களில் 4,18,000 பேரைப் பற்றிய விவரம் பெறப்பட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமை பணியாளருக்கு இல்லை. குலுக்கலுக்கு ஒப்பான எண்முறையே அதனைச் செய்கிறது. சாலையோரத்து வீடு, நன்கு பேசும் வீடு, நாய் இல்லாத வீடு என்று மனிதர் தேர்ந்தெடுத்தால் அது ஊரின் சாயலாக இராது.

காலத்தையும் பிரித்தல் வேண்டும். ஹூக்ளிக் கிராமத்துக்கு மார்ச்சுத் தொடக்கத்தில் சென்றிருந்தால் கிழங்கு அகழ்வில் ஆளே கிடையாத நிலையைக் கண்டிருப்போம். ஆகவே ஆண்டை மும்மாதங்களாக நான்கு பகுதியாக்கி, மாதிரியையும் அவற்றுக்குச் சமமாகப் பங்கிட்டுள்ளனர். பருவத்தின் ஏற்றமும் இறக்கமும் ஆண்டு மதிப்பீட்டில் உரிய அளவில் கலந்துவிடும்.

மாதிரியின் அளவினால் நேரும் பிழையைக் கணித்துக் கூறிவிடலாம். களத்தில் நேரும் பிழையைக் கண்டறிதலே கடினம். இதற்காக மகலனோபிஸ் வகுத்த உபாயம் மிக எளியது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு வெவ்வேறு குழுவினரைக் கொண்டு தனித்தனியே கணக்கெடுத்தல். இருவர் முடிவும் ஒத்துவரின் நம்பிக்கை வளர்கிறது. பெரிதும் வேறுபடின் எங்கோ கோளாறு உள்ளது என்று உணரலாம். வங்காளத்துச் சணல் பயிர்க் கணக்கெடுப்பில் அவர் பழகிய முறை இது.

பூட்டிய வீடு ஒன்றைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். பணியாளர் போகும்போது கதவு பூட்டியிருக்கிறது. அயலாரைக் கேட்டால், செங்கற் சூளைக்குப் போயிருக்கிறார்கள், எப்போது வருவார்களோ தெரியாது என்கிறார்கள். அவ்வீட்டை விட்டு, ஆள் இருக்கும் அடுத்த வீட்டை எழுதிக்கொள்வது எளிது. ஆனால் ஊரில் வேலை கிடையாமையாலேயே அக்குடும்பம் வெளியேறியிருக்கலாம். அத்தகைய வீடுகளை விட்டுக்கொண்டே போனால், மாதிரியில் எஞ்சுவது ஊரில் பிழைக்க வழியுள்ளோர் மட்டுமே. வேலையின்மை உண்மையினும் குறைவாகத் தோன்றும். மறுமுறை சென்று பார்க்கும் பணியாளரின் நடைக்கு இங்கே புள்ளியியலில் மதிப்பு உண்டு. நிலையான தங்குமிடம் ஏதுமின்றி அலைவோர் இக்கணக்கெடுப்பில் வருவதில்லை. பாலத்தின் கீழோ சாலையோரத்திலோ ஒரே இடத்தில் வழக்கமாகத் தங்குவோர் வருவர். பட்டியலிடும்போது இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

2017-18இல் குடும்பங்களை வகைப்படுத்தும் அடிப்படையும் மாறிற்று. முந்திய சுற்றுகளில் குடும்பத்தின் வசதி, செலவு முதலியவற்றைக் கொண்டு வகைப்படுத்தினர். புதிய முறையில், பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ தேறியவர் ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்பதே அடிப்படையாயிற்று. அவ்வாண்டின் வேலையின்மை 6.1 என வெளியானபோது, அதனை 2011-12இன் 2.2 உடன் நேரே ஒப்பிடுதல் தகுமா என்ற வினா எழுந்தது. ஒருசாரார் மாறியது மாதிரி அமைப்பு என்றனர். வரையறைகள் மாறாமையால் ஒப்பிடலாம் என்றனர் மற்றொரு சாரார். வகைப்படுத்தல் மாறினும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய பெருக்கெண்ணை முறையாகக் கையாண்டால் மதிப்பீடு ஒருபுறமாகச் சாயாது என்பது கணித விதி. ஆகவே ஏற்றம் முழுவதையும் மாதிரி அமைப்பின் மேல் சுமத்துதல் பொருந்தாது.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது வீடு வீடாகச் செல்லும் பணி மார்ச்சு மாதத்தில் நின்றது. சில வாரங்களுக்குப் பின் மீண்டபோது, முன்பே ஒருமுறை சென்று வந்த நகரக் குடும்பங்களிடம் தொலைபேசி வாயிலாகக் கேட்டறியப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மும்மாதத்தில் நகரங்களின் வார நிலை வேலையின்மை நூற்றுக்கு 21 அளவுக்கு உயர்ந்தது அவ்வாறே தெரிய வந்தது. ஆண்டு முழுவதையும் நோக்கும் வழக்க நிலையிலோ 2019-20இன் விகிதம் 4.8 மட்டுமே. திடீர்ப் பேரிடியை உணர்த்தக் குறுகிய கால அளவுகோலே உதவிற்று.

அதன் பயனை உணர்ந்தே 2025 ஜனவரி முதல் இக்கணக்கெடுப்பு திருத்தியமைக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதிக்கு எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு குடும்பங்கள். தேர்ந்தெடுக்கப்படும் பகுதிகள் 22,692. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொடர்ந்து நான்கு மாதங்கள் பணியாளர் செல்வார். முன்பு நகரங்களில் மட்டும் இருந்த இம்மறுவருகை இப்போது கிராமங்களுக்கும் வந்துள்ளது. 2025 ஏப்ரல் மாதத்துக்குரிய முதல் மாத மதிப்பீடு மே மாத நடுவில் வெளிவந்தது. 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே வார நிலை வேலையின்மை நூற்றுக்கு 5.1.

ஹூக்ளிக் குடும்பத்துக்கு ஏப்ரலில் சென்ற பணியாளர் இம்முறைப்படி மே, ஜூன், ஜூலை மாதங்களிலும் அதே திண்ணைக்கு வருவார். மே மாதத்தில் போரோ நெல் அறுவடை நடக்கும். தலைவருக்கு வாரம் முழுவதும் வேலை இருக்கும். ஜூலையில் அம்மையார் நாற்று நடவில் இருப்பார். அவரைக் காண அந்தி சாய்ந்த பின்னரே செல்ல வேண்டியிருக்கும்.